சங்குக்குப் பின் விழுந்த கோல்

என் தம்பி மலைக்குத் திரும்பி வந்த காலையில் நான் அவனைப் பார்க்கவில்லை. காதால் கேட்டேன், அவ்வளவுதான்.

விடிகிற நேரத்தில் எங்கள் தேயிலைச் சரிவுகளைப் பனிமூட்டம் முழுக்க மூடிவிடும். நான் வேலை பார்க்கிற எஸ்டேட் டீக்கடைக்கு மூன்று பக்கமும் கண்ணாடிச் சுவர். வெயில் ஏறிய பிறகு சுற்றுலாக்காரர்கள் வந்து ஸ்கோனில் ஸ்ட்ராபெரி ஜாமைத் தடவிக்கொண்டே பள்ளத்தாக்கைப் படம் பிடிப்பார்கள். நான் போய்க் கதவைத் திறக்கிற வேளையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இருக்காது. அங்கே மலை இருக்கிறது என்று சத்தியம் பண்ணச் சொன்னால் கொஞ்சம் யோசித்துத்தான் பண்ணுவேன். அன்றைக்கு அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. நிறையச் சப்பாத்துக் கால்கள் தார் ரோட்டில் ஒரே தாளத்தில் விழுகிற சத்தம். பக்கத்தில் வந்தது, கடையைத் தாண்டியது, மேட்டில் ஏறி மெலிந்து போனது. ஒரு முகமும் தெரியவில்லை. கூட்டத்துக்கு நடுவில் யாரோ ஒருத்தன் மட்டும் இரண்டு தடவை மூக்கை உறிஞ்சினான். என் தம்பி. குளிர்காற்று பட்டால் அவனுக்குக் குழந்தையிலிருந்தே மூக்கு ஒழுகும். பெரிய ஆட்டக்காரன் ஆன பிறகும் அது மட்டும் அவனை விட்டுப் போகவில்லை.

கையில் மேசைத் துணியோடு அப்படியே நின்றேன். சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. இரண்டும் ஒன்றாக வந்தால் எனக்குக் கோபம் வரும். துணியை உதறி மேசையைத் துடைக்க ஆரம்பித்தேன்.

கீழே ஒரு மாநிலத்தின் பெயரில் ஆடுகிற தொழில்முறைக் கால்பந்துக் குழு அது. மலைக்குக் கீழே இருக்கிற உலகம் மொத்தத்துக்கும் நாங்கள் வைத்திருக்கிற பெயர் ‘கீழே’ என்பதுதான். லீக் ஆட்டங்கள் தொடங்குவதற்கு முன்னால் மூச்சைப் பழக்குவதற்காகக் குழுவை மேலே கொண்டுவந்திருந்தார்கள். பக்கத்து ஊரான தானா ராத்தாவில் ஒரு ஹோட்டலில் தங்கல். பயிற்சி எங்கள் எஸ்டேட் பாடாங்கில், தேயிலை ஆலைக்குப் பின்னால் இருக்கிற அதே புல்திடலில். என் தம்பி நடக்கப் பழகியதும், பந்தை உதைக்கப் பழகியதும், முழங்கால் தோலைத் தாரை வார்த்ததும் அங்கேதான். பதின்மூன்று வயதில் விளையாட்டுப் பள்ளிக்கென்று கீழே போனவன், பத்தொன்பது வயதில் குழுவோடு அங்கேயே வந்து இறங்கினான். வந்தும் வீட்டுக்கு வர முடியாது. முகாம் முடிகிறவரை குடும்பத்தாரைப் பார்க்கக் கூடாது, சாயங்காலம் அரை மணி நேரம் மட்டும் போனைக் கையில் தருவார்கள் என்று கோச் சட்டம் போட்டிருந்தார். அவன் தங்கிய அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் கூரை தெரியுமாம். பனி விலகினால்.

அவன் ஆடுகிற இடத்துக்குப் பிளேமேக்கர் என்று பெயர். நட்ட நடுவில் நிற்பான். பின்னாலிருந்து வருகிற பந்தெல்லாம் அவன் காலுக்கு வந்துதான் முன்னால் போகும். யாருக்குக் கொடுப்பது, எந்த நொடியில் கொடுப்பது, எல்லாம் அவன் வைத்ததுதான் சட்டம். தீபாவளிக்கு ஊதாச் சட்டையா பச்சைச் சட்டையா என்று மத்தியானம் வரைக்கும் கண்ணாடி முன்னால் நின்ற பிள்ளை இவன். இவன் முடிவை நம்பிப் பத்துப் பேர் ஓடுகிறார்கள் என்று கேட்டபோது எனக்கு அந்தப் பத்துப் பேர் மேல்தான் பரிதாபம் வந்தது.

விஷயம் அவ்வளவு லேசில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த இடத்தில் பல வருஷம் ஆடிய வெளிநாட்டுக்காரர் போன சீசனோடு கிளம்பிவிட்டார். இன்னொரு வெளிநாட்டுக்காரரைக் கூட்டிவருவதா, இளையோர் குழுவிலிருந்து ஏறி வந்த இந்தப் பையனை நம்புவதா என்று முகாம் முடிவதற்குள் கோச் சொல்ல வேண்டும். தேறிவிட்டால் முதல் குழுவில் ஒப்பந்தம். தேறாவிட்டால், இளையோர் குழுவுக்கும் அவனுக்கு வயது தாண்டிவிட்டது. ஆறு வருஷம் கட்டிய பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான். இதை அவன் போனில் சொன்னபோது அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் முனியாண்டி கோயிலில் நின்று ரொம்ப நேரம் பேசிவிட்டுத்தான் மலையேறினாள்.

அம்மா கொழுந்து வெட்டுகிறவள். குழு ஓடுகிற ரோடு அவளுடைய சரிவை ஒட்டித்தான் போகும். சத்தம் கேட்டதும் கூலிக்கு வந்திருக்கிற பங்களாதேஷ் பையன்கள், மற்ற பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். அம்மா மட்டும் குனிந்தே இருப்பாள். தாய்க்கண் பொல்லாக்கண் அல்லவா, பட்டுவிடக் கூடாதாம். கத்திரியைக்கூட அசைக்காமல், செடியைப் பார்த்துக்கொண்டே, காலடிச் சத்தம் முழுக்கக் கடந்து போகிறவரை கேட்டுக்கொண்டிருப்பாள். பிறகுதான் மூச்சு விடுவாள்.

எனக்கு அந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. பயிற்சியின் இடைவேளையில் குழுவுக்கு டீ கொண்டுபோகிற வேலையை எங்கள் கடையிடம் கொடுத்திருந்தார்கள். அதை நான் சண்டை போட்டு வாங்கிக்கொண்டேன். பெரிய டீத் தொட்டியை வேனிலிருந்து இறக்கி, திடலின் ஓரத்தில் மேசை போட்டு, கோப்பைகளை அடுக்கி வைத்துவிட்டு முதல் நாள் அவன் முன்னால் நின்றேன். ஒரு வருஷமாகப் பார்க்கவில்லை. தாடை எலும்பு எல்லாம் வந்து யாரோ போல இருந்தான்.

“டீ எடுங்க சார்,” என்றேன்.

“தெரிமா காசே, மிஸ்,” என்று மலாயில் நன்றி சொன்னான், முன்பின் தெரியாதவன் போல முகத்தை வைத்துக்கொண்டு. கோச் நாலடி தள்ளி நின்றார். கோப்பையை வாங்கும்போது என் சுண்டுவிரலை ஒரு நொடி நசுக்கினான். எலும்பு வலித்தது. அன்று முழுக்க அந்த விரலை நான் யாரிடமும் காட்டவில்லை.

அந்த நாட்களை இப்போது நினைத்தால், தூங்கி எழுந்ததும் பாதி ஞாபகம் இருக்கிற கனவு போலத்தான் வருகிறது. அது மழை மாதம். பகலிலும் பனி இறங்கும். திடலின் ஒரு கோல் கம்பம் தெரிந்தால் மற்றது தெரியாது. சிவப்புச் சட்டைகள் வெள்ளைக்குள்ளிருந்து வரும், போகும். பந்தை உதைக்கிற சத்தம் ஒரு பக்கம் கேட்கும், பந்து வேறொரு பக்கத்திலிருந்து வரும். ஆலையிலிருந்து தேயிலை உலர்கிற வாசனை இறங்கி எல்லார் தலைமேலும் நிற்கும். கீழேயிருந்து வந்தவர்கள் மூச்சு வாங்கிக் குனிந்து நிற்பார்கள். என் தம்பி நடுவில் நின்று, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே, பந்தை யாரும் இல்லாத இடத்துக்கு அனுப்புவான். பந்து பனிக்குள் போய் மறையும். என்ன பிள்ளை இவன், யாருக்கு உதைக்கிறான் என்று நினைத்து முடிப்பதற்குள் பனிக்குள்ளிருந்து ஒருத்தன் அதே பந்தோடு வெளியே வருவான். எனக்குக் கால்பந்து அவ்வளவாகத் தெரியாது. ஆனால் அதைப் பார்த்து உடம்பு சிலிர்க்கத் தெரிந்தது.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஆலையில் உலர்த்துகிற மெஷினைப் பார்த்துக்கொள்கிறவர். அதோடு சங்கு ஊதுகிறவரும் அவர்தான். சைரனை நாங்கள் சங்கு என்றுதான் சொல்வோம். இப்போது அது சுவரில் இருக்கிற ஒரு சிவப்புப் பொத்தான், எந்தக் கையும் அமுக்கலாம். ஆனால் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அப்பாவின் கைதான் அதை அமுக்குகிறது. காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆட்களை நிறுத்தி வேலை பிரிப்பதற்கு, ஒரு சங்கு. நடுப்பகலுக்கு ஒன்று. சாயங்காலம் வேலை முடிய ஒன்று. ஒரு நாளும் தப்பியதில்லை. தன் கல்யாணத்தன்றும் பகல் சங்கை ஊதிவிட்டு வந்துதான் மாலை மாற்றினார் என்று அம்மா சொல்வாள். அம்மா சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும், இருந்தாலும் மீதிப் பாதி உண்மையாக இருக்கும்.

சங்கு ஊதினால் எங்கள் எஸ்டேட்டில் கை நிற்கும். நிற்க வேண்டும் என்று யாரும் யோசிப்பதில்லை, தானாக நிற்கும். சங்குக்குப் பிறகு கிள்ளிய கொழுந்து ஆகாது என்பார்கள் பெரியவர்கள். ஏன் ஆகாது என்று கேட்டால் முறைப்பார்கள். பிள்ளைகளாகிய எங்களுக்கும் பாடாங்கில் இதே சட்டம்தான். லீவு நாளில் காலையிலிருந்து பந்து உதைப்போம். பகல் சங்கு ஊதியதும் பந்து யார் காலில் இருக்கிறதோ அவர் அதை மிதித்து நிறுத்த வேண்டும். சங்குக்குப் பின்னால் விழுந்த கோல் செல்லாது. இதில் சண்டை வராமல் இருக்குமா? சங்கு ஊதிக்கொண்டிருக்கும்போதே பந்து கம்பத்தைத் தாண்டிவிடும். முன்னாடியா பின்னாடியா என்று கத்திக்கொண்டே எல்லாரும் ஆலை வாசலுக்கு ஓடி, தீர்ப்புக்கு அப்பா முன்னால் நிற்போம். பொத்தான் இருக்கிற இடத்திலிருந்து பாடாங் தெரியவே தெரியாது. அது அவருக்கு ஒரு தடையாக இருந்ததே இல்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே எப்போதும் ஒரே தீர்ப்புதான் சொல்வார்: “செல்லாது. போய்ச் சோறு தின்னுங்க.”

குழு வந்ததிலிருந்து பயிற்சி எப்போதும் பகல் சங்குக்கு முன்பே முடிந்துகொண்டிருந்தது. அதனால் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

முகாமின் பாதியில் ஈப்போவிலிருந்து ஒரு குழு மேலே வந்து பயிற்சி ஆட்டம் ஆடியது. மத்தியானம் மழை வரும் என்று காலையிலேயே ஆரம்பித்தார்கள். லயத்திலிருந்து வேலையில்லாதவர்கள் எல்லாரும் வந்து ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். தம்பி அன்றைக்கு ஆடிய ஆட்டம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. எதிரிக் குழுவின் பெரிய ஆட்கள் அவனைச் சுற்றி வருவார்கள், அவன் அவசரமே படாமல் ஒரு பக்கமாகச் சாய்வான், பந்து வேறொரு பக்கமாகக் கிளம்பிப் போயிருக்கும். கோச் கையைக் கட்டிக்கொண்டு தலையை ஆட்டுவதை நான் பார்த்தேன். அம்மாவிடம் சொல்லப் போகிற வார்த்தைகளைக்கூட மனதில் அடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

இரண்டாம் பாதியில், தம்பியின் குழு காக்கிற கோலுக்கு முன்னால், பந்து அவனிடம் வந்தது. அப்போது சங்கு ஊதியது.

அவன் நின்றான். வலது பாதத்தைப் பந்தின் மேல் வைத்து, இரண்டு கையையும் தொங்கவிட்டு, நிமிர்ந்து நின்றான். ஏழு வயதில் நின்ற அதே நிற்பு. ஒரு நொடிதான் இருக்கும். ஈப்போக்காரன் ஒருத்தன் வந்து அவன் காலுக்குக் கீழேயிருந்து பந்தைத் தட்டி எடுத்துக்கொண்டு போய்க் கோலுக்குள் போட்டான். அது மட்டும் போதாதென்று எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் எழுந்து நின்று, “செல்லாது! செல்லாது!” என்று கத்தினார்கள். நானும் கத்தினேன். நடுவர் எங்களைப் பார்த்த பார்வையை என்னவென்று சொல்ல! என்ன மொழி, என்ன சட்டம் என்று அந்த மனுஷனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம் தம்பியின் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

“ஜாங்கான் பெர்ஹெந்தி!” என்று கோச் கோட்டுக்கு வெளியிலிருந்து அலறினார். நிற்காதே, நிற்காதே என்று. அடுத்த நிமிஷம் அவனை வெளியே இழுத்து வேறொருவனை இறக்கினார். அவன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். நான் டீயை நீட்டினேன். எடுக்கவில்லை. “சார்” என்று கூப்பிட்டுப் பார்த்தேன். துண்டு அசையவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு ஆள் வேண்டும். நேராக ஆலைக்குப் போனேன். உலர்த்துகிற மெஷினின் சூடும் இரைச்சலும் முகத்தில் அடித்தன. அப்பா தேயிலையைக் கையில் அள்ளி முகர்ந்துகொண்டிருந்தார்.

“உங்க சங்குதான்ப்பா தம்பி கால வாரிவிட்டுச்சு. நல்லா ஆடிக்கிட்டிருந்தான். ஊதினீங்க, நின்னுட்டான். கோல் விழுந்துருச்சு. கோச்சு அவன வெளிய எடுத்துட்டாரு. போச்சு எல்லாம்.”

அப்பா கையிலிருந்த தூளைத் திருப்பிப் போட்டார். “நின்னுட்டானா?” என்றார்.

அந்தக் கேள்வியில் ஒரு துளி சந்தோஷம் இருந்தது. நான் சத்தியமாகச் சொல்வேன். ஆறு வருஷம் கீழே இருந்தும் தன் சங்குக்கு மகன் நின்றிருக்கிறான் என்கிற சந்தோஷம். அதற்கும் சேர்த்துத்தான் எனக்குக் கோபம் வந்தது. அடுத்த நிமிஷம் அவர் முகம் விழுந்துவிட்டது. பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, சுவரில் இருந்த அந்தப் பொத்தானை ஏதோ புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் தம்பி மஞ்சள் பனியன் போட்டுக்கொண்டு மாற்று ஆட்டக்காரர்களோடு ஆடினான். நடு இடத்தில் வேறொருவன். அவனும் நல்ல பையன்தான், ஆனால் அவன் உதைத்த பந்து பனிக்குள் போனால் பனிக்குள்ளேயே இருந்துவிடும். காலையில் காலடிச் சத்தம் கடையைத் தாண்டும்போது நான் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். மூக்கு உறிஞ்சுகிற சத்தம் இப்போது நடுவில் இல்லை, கடைசியில் வந்தது. அம்மா ஒரு வேளை மட்டும் சாப்பிட ஆரம்பித்தாள். அப்பா வழக்கம் போல மூன்று வேளையும் சங்கு ஊதினார். பகல் சங்கு மட்டும் நீளம் குறைந்தது போல எனக்குத் தோன்றியது. பொத்தானிலிருந்து கையைச் சீக்கிரம் எடுத்துவிடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

முகாமின் கடைசிப் பயிற்சி ஆட்டத்துக்கு முதல் நாள் சாயங்காலம் தம்பி போன் பண்ணினான்.

“கோச்சு கூப்பிட்டு ஏன் நின்னேன்னு கேட்டாருக்கா. சங்கு ஊதிச்சுன்னு சொன்னேன். அவருக்குப் புரியல. ஸ்டேடியத்துல விசில் அடிப்பாங்க, கொட்டு அடிப்பாங்க, வெடி போடுவாங்க, எல்லாத்துக்கும் நிப்பியான்னு கேட்டாரு.”

“நீ என்ன சொன்ன?”

“தலையக் குனிஞ்சிக்கிட்டேன். நாளைக்கு ரெண்டாவது பாதி தரேன்னாரு. அதான் கடைசியாம்.”

இரண்டாவது பாதி. பகல் சங்கு விழுகிற பாதி. இரண்டு பேருக்கும் அது தெரிந்திருந்தது.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நாளைக்குப் பகல் சங்கு வேணாம். ஆட்டம் முடிஞ்சப்புறம் ஊதிக்கலாம். துரைகிட்ட கேட்டுட்டேன். சிரிச்சாரு. ஒரு நாள்தானே, பரவால்லன்னுட்டாரு.”

அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. “ஒங்க ஆத்தா செத்த அன்னிக்கே ஊதிட்டுத்தானே தூக்க வந்தீங்க,” என்றாள்.

“அது வேற,” என்றார் அப்பா.

அவர் வாய் திறந்து யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. சம்பள உயர்வுக்குக்கூடக் கேட்டதில்லை. துரையின், அதாவது எஸ்டேட் மேனேஜரின், ஆபீஸ் வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருப்பார். போனைக் கொண்டுபோய் அடுப்படியில் நின்று தம்பியைக் கூப்பிட்டேன். அரை மணி நேரம் முடிய இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

நான் சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் ஒரு தடவை மூக்கை உறிஞ்சினான்.

“வேணாங்க்கா. அப்பாவ நேரத்துக்கு ஊதச் சொல்லு.”

“பைத்தியமாடா ஒனக்கு? மறுபடி நின்னின்னா?”

“கீழ போனா எனக்காக யாருக்கா சத்தத்த நிறுத்துவா? ஊதச் சொல்லுலா.”

வந்து அப்பாவிடம் அப்படியே சொன்னேன். அவர் வெகுநேரம் சோற்றைப் பிசைந்தார். “சரி,” என்றார். எழுந்துபோய்க் கையைக் கழுவினார். தட்டில் சோறு அப்படியே இருந்தது.

மறுநாள் பனி விலகவே இல்லை. ஆட்டத்தைத் தள்ளிவைப்பார்களோ என்று பேசிக்கொண்டார்கள், பிறகு ஆரம்பித்துவிட்டார்கள். லயமே திரண்டு வந்திருந்தது. பாடாங்குக்கு மேலே இருக்கிற சரிவில்தான் அன்று அம்மாவுக்கு வேலை. செடிகளுக்கு நடுவில் குனிந்த முதுகாக அவள் தெரிவாள், மறைவாள். இரண்டாம் பாதியில் தம்பி இறங்கினான். கோல் எதுவும் விழாமல் ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. ஆட்கள் பந்தைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தார்கள், ஆலையைப் பார்த்தார்கள். யாருக்கும் கடிகாரம் தேவையில்லை, எங்கள் வயிற்றுக்கே பகல் சங்கு தெரியும். வருகிறது, வருகிறது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். தம்பியின் கால்களைத் தவிர நான் வேறெதையும் பார்க்கவில்லை.

சங்கு ஊதியது. அன்றைக்கு நீளமாக, முழுசாக, குறை வைக்காமல் ஊதினார் அப்பா.

டீத் தொட்டிக் குழாயில் இருந்த என் கை நின்றது. சரிவில் கத்திரிகள் நின்றன. திடல் ஓரத்தில் பேசிக்கொண்டிருந்த வாய்கள் நின்றன. ஒரு தாய் பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்த கை வாய்க்குப் பாதி தூரத்தில் நின்றது. பந்து உருண்டு தம்பியிடம் வந்தது. அவன் வலது கால் எழும்பியது. பாதம் பந்தின் மேல் போய் உட்கார்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். செத்தோம் என்று நினைத்தேன்.

பாதம் பந்தை மெல்ல உருட்டியது. தன்னிடமிருந்து எதையோ தள்ளி வைப்பது போல ஒரு உருட்டு. திரும்பினான். பிறகு இடது காலால், ஒருத்தரும் தெரியாத வெள்ளைக்குள் நீளமாக ஒரு பந்து. சங்கு இன்னும் ஊதிக்கொண்டேயிருந்தது. பந்து போன பக்கத்திலிருந்து யாரோ ஓடுகிற சத்தம், ஒரு உதை, வலை குலுங்குகிற சத்தம். கோலை எங்களில் யாரும் பார்க்கவில்லை. பனிக்குள்ளிருந்து சிவப்புச் சட்டைகள் கத்திக்கொண்டு ஓடிவந்தபோதுதான் தெரிந்தது.

எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் பழக்கத்தில் “செல்லா...” என்று ஆரம்பித்து, மிச்சத்தை விழுங்கிக்கொண்டார். அப்புறம் ஒரு கூச்சல் எழுந்தது பாருங்கள், அடுத்த ஊர் பிரிஞ்சாங் வரைக்கும் கேட்டிருக்கும். நானும் கத்தினேன், கோப்பைகளைக் கொட்டினேன், முன்பின் தெரியாத ஒரு பெண்ணைக் கட்டிப்பிடித்தேன். அவ்வளவு சந்தோஷத்துக்கும் நடுவில்தான் எனக்கு அது உறைத்தது. எங்கள் எஸ்டேட்டில் பிறந்த அத்தனை பேரும் அந்தச் சங்குக்கு நின்றோம். அவன் ஒருத்தன் நிற்கவில்லை. இனிமேல் அவன் நிற்கமாட்டான். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியபோது நான் அழவில்லை. அந்த அழுகை அப்போதுதான் வந்தது.

மத்தியானமே குழு கிளம்பியது. பஸ் ஆலை வாசலில் வந்து நின்றது. கோச் தம்பியின் பின்மண்டையில் ஒரு தட்டு தட்டி ஏதோ சொன்னார். அவன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். தேறிவிட்டான். சரிவிலிருந்து அம்மா கத்திரியோடு இறங்கி வந்திருந்தாள். முகாம் முடிந்துவிட்டதால் அவளைப் பார்க்க இப்போது தடையில்லை. அப்போதும் அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, முழங்காலைத்தான் தடவிப் பார்த்தாள். அப்பா மட்டும் வெளியே வரவில்லை.

தம்பி பஸ்ஸில் ஏறாமல் ஆலைக்குள் ஓடினான். நானும் பின்னாலேயே போனேன். அப்பா மெஷின் பக்கத்தில் நின்று, ஏற்கனவே சுத்தமாக இருந்த கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். தம்பி மூச்சு வாங்க அவர் முன்னால் போய் நின்றான். சின்ன வயதில் எங்கள் கூட்டத்தோடு போய் நிற்பானே, அதே இடத்தில். இப்போது அவரைவிட ஒரு தலை உயரம்.

“சங்கு ஊதுறப்ப விழுந்த கோலுப்பா,” என்றான். “செல்லுமா?”

அப்பா அவனை ஏற இறங்கப் பார்த்தார். துணியை மடித்துத் தோளில் போட்டார்.

“செல்லும்,” என்றார். “போய் பஸ் ஏறு.”

பஸ் கம்போங் ராஜா பக்கமாகத் திரும்பி, முதல் வளைவிலேயே பனிக்குள் போய்விட்டது. சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. நாங்கள் கேட்டுக்கொண்டு நின்றோம். பிறகு அம்மா மலைக்குப் போனாள், நான் கோப்பைகளைக் கழுவப் போனேன்.

நான் பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, அன்றைக்குச் சாயங்காலச் சங்கு நேரத்துக்கு ஊதவில்லை. வேலை முடிந்த ஆட்கள் கூடையைத் தோளில் போடாமல், கத்திரியைக் கீழே வைக்காமல், ஆலையைப் பார்த்துக்கொண்டே சரிவில் நின்றிருந்தார்கள். ரொம்ப நேரம் கழித்துத்தான் அப்பா ஊதினார்.